மஞ்சளாகிப்போன சாட்டின் கல்யாணக் கவுனை மீட்பது: திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் கத்தோலிக்க, மெதடிஸ்த குடும்பங்கள் பலவற்றிலும் பறங்கியர் வீடுகளிலும் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு வெள்ளைச் சாட்டின் கவுன் கிடக்கும். அம்மம்மா உடுத்தது, அல்லது பெரியம்மா உடுத்தது. இப்போது பேத்தி தன் கல்யாணத்துக்கு அதையே உடுக்க ஆசைப்படுகிறாள். எடுத்து விரித்தால் மடிப்புகளில் பழுப்பு, கக்கத்தில் மஞ்சள், கொளுக்கி இருந்த இடத்தில் கறள். இப்படியொரு உடுப்பை இதுவரை தண்ணீரில் போட்டே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் முக்கால்வாசி தண்ணீரும் பொறுமையும்தான். மருந்து போட்டு வெளுக்கவைப்பது கடைசியில் வருவது, சில துணிகளுக்கு வரவே கூடாதது. கவுனைக் கெடுப்பவர்களில் பெரும்பாலானோர் எடுத்த உடனே பிளீச்சை ஊற்றியவர்கள்தான்.

எந்த வெள்ளை?

பழைய கவுன்கள் எல்லாம் கடதாசி வெள்ளையாகத் தைக்கப்பட்டவை அல்ல. பல தொடக்கத்திலேயே தந்த நிறம். கவுனின் உட்புறத்தில் தையலுக்கு விட்டிருக்கும் ஓரத் துணியை விரித்துப் பாருங்கள். வெளிச்சமும் வியர்வையும் படாத அந்த இடத்தின் நிறம்தான் நீங்கள் போய்ச் சேரக்கூடிய எல்லை. அதைவிட வெள்ளையாக்க முயன்றால் துணிதான் போகும். மணப்பெண்ணிடமும் இதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். தெரியாமல் இருந்தால் பிறகு மனவருத்தம்.

பகல் வெளிச்சத்தில், சன்னலுக்குப் பக்கத்தில் விரித்து, ஒவ்வொரு கறையையும் சுற்றி வெள்ளை நூலால் பெரிய பெரிய தையலாக ஓடவிடுங்கள். நனைந்ததும் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும்; நூல் இருந்தால்தான் கறை இருந்த இடம் பிடிபடும். போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் எங்கிருந்து வந்தது என்பதையும் ஊகித்துக்கொள்ள வேண்டும். உடுப்பு முழுவதும் சீரான மஞ்சள் என்றால் வயதும் காற்றும், போட்ட கஞ்சியும் காரணம். மடிப்பில் மட்டும் கோடு கோடாகப் பழுப்பு என்றால் கடதாசிப் பெட்டியோ மரப்பலகையோ விட்ட அமிலம். பாவாடைப் பக்கத்தில் ஓரம் கருத்த திட்டுத் திட்டான பழுப்பு என்றால் அன்றைய விருந்தில் சிந்திய வைனோ சோடாவோதான். சிந்திய அன்று கண்ணுக்குத் தெரிந்திருக்காது. உள்ளே இருந்த சீனி வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பழுத்திருக்கும். இது தண்ணீரில் கரையக்கூடியது. கல்யாணம் முடிந்த கையோடு ட்ரை கிளீனிங் செய்து வைத்த கவுனில்கூட இது வருவதற்குக் காரணம், அங்கே பயன்படும் கரைப்பான் எண்ணெய்க் கறையை எடுக்குமே தவிர சீனியை எடுக்காது.

துணி எது என்று தெரியாமல் நனைக்க வேண்டாம்

சாட்டின் என்பது நெசவின் பெயர். அது பட்டாக இருக்கலாம், அசிட்டேட்டாக, ரேயோனாக, நைலோனாக, பொலியெஸ்டராக இருக்கலாம். கழுவும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. கல்யாணம் நடந்த வருடம் ஓரளவு வழிகாட்டும். பொலியெஸ்டர் 1941இல் பிரித்தானியாவில் கண்டுபிடிக்கப்பட்டது, கடைகளுக்குப் பரவலாக வந்தது அதற்குப் பிறகு. ஆகவே 1940களின் கவுன் என்றால் பெரும்பாலும் பட்டு, ரேயோன், அசிட்டேட் ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும், அரிதாக நைலோனாகவும் இருக்கலாம். 1970களுக்குப் பிந்தியது என்றால் பொலியெஸ்டராக இருக்க நல்ல வாய்ப்பு. ஆனால் ஊகத்தை நம்பித் தண்ணீரில் போடக்கூடாது; எரித்துப் பார்ப்பதுதான் வழி.

உள் ஓரத்திலிருந்து பாவு நூல் (நெடுக்காக ஓடுவது) இரண்டு, ஊடை நூல் (குறுக்காக ஓடுவது) இரண்டு உருவி எடுங்கள். இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். முகம் பட்டும் முதுகு பருத்தியுமாக நெய்த சாட்டின் உண்டு. பீங்கானில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, அதன் மேலே இடுக்கியால் நூலைப் பிடித்துக்கொண்டு நெருப்பைக் காட்டுங்கள். முடி பொசுங்கும் மணம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் பட்டு. கடதாசி எரியும் மணம் வந்து மெல்லிய சாம்பல் விழுந்தால் ரேயோன் அல்லது பருத்தி. உருகிக் கடினமான மணியானால் நைலோன் அல்லது பொலியெஸ்டர். உருகும்போது வினாகிரி நெடி அடித்தால் அசிட்டேட்.

அசிட்டேட்டுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. நகப்பூச்சு அகற்றும் திரவம் ஒரு சொட்டில் நூலைப் போட்டால் பசையாகி ஒட்டும். அசிட்டோன் உள்ள திரவமாகப் பார்த்து வாங்குங்கள். இப்போது ‘அசிட்டோன் இல்லாதது’ என்று போட்ட போத்தல்களும் விற்பனைக்கு வருகின்றன, அவை இதற்கு உதவாது. சோதனை உருவிய நூலில் மட்டும். கவுனின் மேல் ஒரு துளி பட்டாலும் ஓட்டைதான்.

சில உடுப்புகளை வீட்டில் தொடவே கூடாது. மடிப்பு நெடுகப் பட்டு தானாகவே பிளந்திருந்தால் நனைத்ததும் கிழிந்து நூலாகிவிடும். அதேபோல், 1940களுக்கு முந்திய மினுக்கத் தகடுகள் ஜெலற்றினில் செய்தவையாக இருக்கலாம்; அவை தண்ணீரில் கரைந்துபோகும். ஒன்றைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எப்போது கழுவுவது, எந்தத் தண்ணீரில்

நத்தாருக்கு முந்திய ஆகமன காலத்திலும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்திலும் கோயிலில் கல்யாணம் வைப்பது குறைவு. அதனால் இங்கே பலருக்கும் நாள் குறிபடுவது நத்தாருக்குப் பின், தையில். கவுனை நவம்பரில் எடுத்தால் வாடைக்காற்றும் மழையும்தான் இருக்கும். நாட்கணக்கில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். தைக் கல்யாணம் என்றாலும் கழுவும் வேலையை ஆடி, ஆவணியில் முடித்துவிடுங்கள். அப்போது வீசும் கச்சான் காற்று எந்த மெஷினையும்விட நன்றாகக் காயவைக்கும். புழுதியும் கொண்டுவரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இனித் தண்ணீர். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உப்புச் சுவை தெரியும். சில கிணறுகளில் தண்ணீரை வாளியில் வைத்திருந்தால் அடியில் செம்மண் நிறத்தில் படியும், அது இரும்பு. இரண்டுமே இந்த வேலைக்கு ஆகாது. உப்பு பட்டை நாளடைவில் அரிக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும். இரும்பு துணியில் ஏறினால் புது மஞ்சள். கந்தளாய்க் குளத்துக் குழாய்த் தண்ணீர் வரும் வீடு என்றால் கழுவ அது போதும். குழாயின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி வடித்து, ஓர் இரவு திறந்த பாத்திரத்தில் வைத்துவிடுங்கள். குளோரின் மணம் போய்விடும். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் (உப்பு நீக்கிச் சுத்திகரித்தது) வாங்கலாம். மாரியில் பிடித்து மூடி வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை, தகரக் கூரையில் இருந்து வடிந்ததாக இல்லாவிட்டால்.

கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் ஊறப்போட வேண்டாம். சொரசொரப்பில் சாட்டினின் முகம் நூல் எழும்பிவிடும். இங்கே பெரும்பாலான வீடுகளில் குளியல் தொட்டி இருக்காது; பிள்ளைகள் விளையாடும் காற்றடைக்கும் பிளாஸ்டிக் தொட்டி இதற்கு அளவாக இருக்கும். நிறம் விடாததாகப் பார்த்து, நன்றாகக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

நனைக்கும் முன்

கொளுக்கி, உலோகச் சிப், துணி சுற்றிய பொத்தான் எல்லாவற்றையும் கழற்றுங்கள். துணி சுற்றிய பொத்தானுக்குள் தகடு இருக்கும், நனைந்தால் கறள் விடும். தோள் பஞ்சும் வெளியே. முத்துகள் ஒட்டியவையா தைத்தவையா என்று பாருங்கள். ஒட்டியவை என்றால் பசை கரைந்து மஞ்சளாகப் பரவும். மேலங்கிக்கும் உள்துணிக்கும் வேறு வேறு துணி போட்டிருந்தால் இடுப்பில் பிரித்துத் தனித்தனியே கழுவுவது நல்லது. ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் பாவாடை கோணிப்போகும். பிரிக்கும் முன் எது எங்கே என்று எழுதிவைக்க மறக்க வேண்டாம்.

அப்புறம் தூசி. நெட் துணி ஒன்றை மேலே விரித்து, வக்கியூம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து அதன் மேலாக ஓட்டுங்கள். இல்லாவிட்டால் மென்மையான தூரிகை போதும். தூசியோடு நனைத்தால் அது சேறாகிப் படியும்.

கறளை எல்லாவற்றுக்கும் முன் எடுக்க வேண்டும். இது விருப்பத்துக்குரிய ஒழுங்கு அல்ல. இரும்பு உள்ள இடத்தில் ஒட்சிசன் பிளீச் பட்டால் வேதிவினை அங்கே மட்டும் வேகமாக நடந்து துணியை அரித்துவிடும். கறள் போகும், கறள் இருந்த இடத்தில் ஓட்டை நிற்கும். பருத்தி, பொலியெஸ்டர் என்றால் தேசிக்காய்ச்சாறும் தூளுப்பும் குழைத்து வைத்து, அரை மணிநேரம் இளம் வெயிலில் விட்டு அலசுங்கள். தேவையானால் திரும்பவும் செய்யலாம். பட்டுக்கு உப்பு ஆகாது. தேசிக்காய்ச்சாற்றைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பஞ்சால் ஒற்றி, பத்து நிமிடத்தில் அலசிவிட வேண்டும். போகாவிட்டால் அந்த இடத்தில் ஒரு லேஸ் பூவைத் தைத்து மறைப்பதுதான் புத்தி.

கழுவுதல்

முதல் நனைப்பு வெறும் தண்ணீரில். தொட்டியின் அடியில் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை விரித்து, அதன் மேல் கவுனை வைத்து நனையுங்கள். நனைந்த கவுன் பாரமாக இருக்கும். தோளைப் பிடித்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே தையல் விடும். விரிப்பின் நாலு மூலையையும் இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்க வேண்டும். ஒரு மணிநேரத்தில் தண்ணீர் பழுப்பாகும். ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர். நிறம் விடுவது குறையும் வரை இப்படியே மாற்றிக்கொண்டிருங்கள். கசக்குவதோ தேய்ப்பதோ பிழிவதோ இல்லை. விரிந்த கையால் மெல்ல அமுக்கி விடுவதுதான் எல்லாம். இந்த இடத்தில் பலர் அவசரப்படுவார்கள். உண்மையில் மஞ்சளின் பெரும்பகுதி போவது இங்கேதான்.

இதற்குப் பிறகு துணிக்குத் துணி வழி பிரிகிறது.

பொலியெஸ்டர்தான் சுலபம். சோடியம் பெர்கார்பனேட் என்ற ஒட்சிசன் பிளீச் தூள், 10 லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி. குளோரின் சேர்ந்த பிளீச் இல்லை என்பதைப் பொட்டலத்தில் படித்து உறுதிசெய்யுங்கள். தூளை முதலில் தனியாக வெந்நீரில் கரைத்துத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். கரையாத துகள் விழுந்த இடம் புள்ளியாக நிற்கும். தண்ணீர் 40 பாகை அளவில், கன்னியா வெந்நீரூற்றில் கையை வைத்தால் தெரியும் அந்தச் சூடு. (கன்னியாவுக்குக் கவுனைக் கொண்டுபோகச் சொல்லவில்லை.) நிறமில்லாத திரவச் சவர்க்காரம் கொஞ்சம் சேர்க்கலாம். ஆறு முதல் எட்டு மணிநேரம் ஊறட்டும். அதற்கு மேல் அந்தக் கரைசலில் வேலை செய்ய எதுவும் மிச்சம் இருக்காது. இன்னும் மஞ்சள் இருந்தால் புதிதாகக் கலக்குங்கள். துணி மேலே மிதந்தால் வெள்ளைப் பீங்கானை வைத்து அமுக்கிவிடுங்கள், காற்றுப்பட்ட இடம் கோடு விழும். நைலோனுக்கும் இதே முறைதான், தண்ணீர் சூடு குறைவாக, நேரம் பாதியாக. ஆனால் நைலோனின் மஞ்சள் முழுவதும் போகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பட்டு என்றால் பெர்கார்பனேட்டைப் பக்கத்திலேயே வைக்க வேண்டாம். அதன் காரத்தன்மை பட்டைத் தின்னும். வழமையான சலவைத் தூள்களும் ஆகாது. பல தூள்களில் புரதக் கறையைச் செரிக்கும் என்சைம் இருக்கிறது, பட்டும் புரதம்தான். 10 லீற்றர் குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பேபி ஷாம்பூ, அரை மணிநேரம், பிறகு நிறைய அலசல். இரண்டு முறை செய்யலாம். அதற்கும் மேல் மிஞ்சும் மஞ்சளை அந்தப் பட்டின் நிறம் என்று ஏற்றுக்கொள்வதே புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி. ஹைட்ரஜன் பெரொக்சைட்டைக் கொண்டு பட்டை வெளுக்க முடியும், கைபழகியவர்கள் செய்கிறார்கள். ஒரேயொரு கவுனை வைத்துக்கொண்டு பழகிப் பார்க்கும் வேலை அது அல்ல.

அசிட்டேட்டும் ரேயோனும் ஈரத்தில் பலம் இழப்பவை. குளிர்ந்த தண்ணீர், பேபி ஷாம்பூ, கால் மணிநேரம், அவ்வளவுதான். அசிட்டேட் ஈரமாக மடிந்த இடத்தில் விழும் சுருக்கம் பிறகு போகாது. தொட்டியில் முழு அகலத்துக்கும் விரிந்து கிடக்க வேண்டும்.

கக்கத்து மஞ்சள் தனிக் கதை. வியர்வையும் வியர்வை அடக்கும் பூச்சுகளில் இருக்கும் அலுமினியமும் சேர்ந்து துணியை விறைக்கவைத்திருக்கும். பட்டில் அந்த இடம் ஏற்கெனவே உக்கியிருக்கும், தேய்த்தால் கையோடு வரும். பொலியெஸ்டரில் பெர்கார்பனேட்டைப் பசையாகக் குழைத்து ஒரு மணிநேரம் வைக்கலாம்.

‘நீலம் போட்டால் வெளுக்காதா?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நீலம் மஞ்சளை எடுப்பதில்லை, கண்ணுக்கு மறைக்கிறது, அவ்வளவே. மஞ்சள் மிச்சமிருக்கும் துணியில் அது சாம்பல் பச்சையாகத் தெரியும், சாட்டினில் திட்டுத் திட்டாகவும் பிடிக்கும். வேண்டாம். குளோரின் பிளீச் அதைவிட வேண்டாம். பட்டைக் கரைக்கும், பொலியெஸ்டரில் புது மஞ்சளைக் கொண்டுவரும். எந்தப் பிளீச்சையும் வினாகிரியுடனோ வேறு பிளீச்சுடனோ சேர்த்துக் கலக்கக் கூடாது என்பது உங்கள் நெஞ்சு நலத்துக்கும் சேர்த்துத்தான்.

அலசலில் கஞ்சத்தனம் கூடாது. தண்ணீரில் நுரையும் வழுவழுப்பும் அடியோடு போகும் வரை அலச வேண்டும். துணியில் தங்கும் சவர்க்காரம் அடுத்த பத்து வருடத்தின் மஞ்சளாகிவிடும். பட்டுக்குக் கடைசிக்கு முந்திய அலசலில் 10 லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி சேர்த்தால் மினுக்கம் திரும்பும். தென்னை வினாகிரி நிறம் உள்ளது, அது வேண்டாம்.

காயவைத்தல்

விரிப்போடு தூக்கி, நீர் வடியவிட்டு, வெள்ளைத் துவாய்களின் மேல் பரப்புங்கள். மேலேயும் துவாய் வைத்து அமுக்கினால் பாதி ஈரம் போய்விடும். பிறகு நிழலில், காற்றில், கிடைமட்டமாக. பிளாஸ்டிக் நைலோன் பின்னிய கட்டில் இருந்தால் அதன் மேல் வெள்ளை விரிப்பைப் போட்டுக் காயவிடலாம், கீழாலும் காற்று வரும். சாயப்பாய் ஆகாது, ஈரத்தில் நிறம் ஏறும். தும்புக் கயிற்றுக் கொடியும் ஆகாது, கயிற்றின் பழுப்பு துணியில் இறங்கும். பட்டை வெயிலில் போட்டால் மறுபடி மஞ்சள்தான். கச்சான் புழுதிக்கும் காகங்களுக்கும் மேலே ஒரு மெல்லிய வொயில் துணியைக் கட்டிவிடுங்கள். கடற்கரையைப் பார்த்த வீடு என்றால் வீட்டுக்குள்ளேயே விசிறிக் காற்றில் காயவைப்பது நல்லது.

அயன் பண்ணும்போது உள்புறத்தில், இடையில் பருத்தித் துணி வைத்து, குறைந்த சூட்டில். நீராவி அயனுக்குள் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் எப்போதாவது பழுப்புச் சொட்டு துப்பும், அது விழுவது நெஞ்சுப் பகுதியில்தான் விழும். பட்டில் தண்ணீர் தெளித்தால் வட்டம் நிற்கும். லேசான ஈரம் இருக்கும்போதே அயன் பண்ணிவிட வேண்டும்.

மிச்சக் கறையும் அளவும்

எல்லாக் கறையும் போகாது. அம்மம்மாவின் இடுப்பு பேத்திக்குப் பொருந்துவதும் அரிது. இரண்டையும் ஒரே வேலையில் தீர்க்கலாம். பக்கத் தையலைப் பிரித்து, பாவாடையின் உள்மடிப்பிலிருந்து எடுத்த அதே துணியில் நீள்துண்டு வைத்தால் அகலம் கிடைக்கும். கக்கம் உக்கியிருந்தால் கைகளை எடுத்துவிட்டு லேஸில் புதுக் கை வைக்கலாம். புதுச் சாட்டின் வாங்கி ஒட்டுப்போடாதீர்கள், அந்த வெள்ளை பக்கத்தில் வைத்தவுடனே காட்டிக்கொடுக்கும். லேஸ் என்றால் நிற வித்தியாசம் தெரியாது. கவுனாகத் தேறாத உடுப்பிலும் நல்ல பாகம் இருக்கும். அதில் புதுநன்மைச் சட்டையோ ஞானஸ்நான உடுப்போ தைத்துக்கொண்ட வீடுகள் உண்டு. தையல்காரரிடம் கொடுக்கும்போது கழுவின பின் கொடுங்கள், கழுவாமல் தைத்தால் தையலுக்குள் கறை பூட்டுப்பட்டுவிடும்.

திரும்ப வைப்பது

பொலித்தீன் உறை, கடதாசிப் பெட்டி, வெறும் பலகைத் தட்டு, நப்தலீன் உருண்டை: மஞ்சளைக் கொண்டுவந்தவை இவைதான். திரும்ப அங்கேயே வைத்தால் செய்த வேலை வீண். கஞ்சியும் நீலமும் இல்லாமல் பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டி நல்ல உறை. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் அதே துணியைச் சுருட்டி வைத்தால் கோடு விழாது. தோள் பாரம் தாங்காது, தொங்கவிட வேண்டாம். உலோகக் கொளுக்கியைத் திரும்பத் தைப்பது கல்யாணத்துக்கு முதல் கிழமை. கல்யாணம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அன்றைக்குச் சிந்திய சோடாவும் வியர்வையும் இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு மாதத்துக்குள் இன்னொரு தடவை கழுவியே வைக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் அல்ல, ஆடியில் எடுத்துப் பூச்சி பார்த்து, காற்றாட விட்டு, மடிப்பை வேறு இடத்தில் மாற்றி மடியுங்கள். துணி எது, எதனால் கழுவியது, எந்தக் கறை போகவில்லை என்பதை ஒரு வெள்ளைத் துணித் துண்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பேனை வேண்டாம், மை ஊறும்.